ஆடி அமாவாசையில் பண்டியும் அவரையும்

எங்கள் அப்பாவுக்குச் சும்மா இருக்கத் தெரியாது. அந்தக் குணம் எனக்கும் வந்திருக்கிறது என்று அம்மா சொல்வார், பாராட்டாக அல்ல. அப்படிப்பட்டவர், ஒரு மூடிய பெட்டிக்கு முன்னால் ஏழு மணித்தியாலம் கையைக் கட்டிக்கொண்டு நிற்கவேண்டிய சமையலை ஏன் தெரிவுசெய்தார் என்பது இன்றைக்கும் எனக்கு அதிசயம்தான்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. விபோர்க் என்ற டேனிஷ் நகரத்தில், பதினெட்டு வீடுகள் உள்ள ஒரு தெருவில் இருந்தோம். தமிழர் வீடு எங்களுடையது ஒன்றுதான். வருடத்துக்கு ஒருமுறை தெருவிலேயே நீளமாக மேசை போட்டு, வீட்டுக்கு ஒரு சாப்பாடு கொண்டுவந்து எல்லாரும் சேர்ந்து உண்பார்கள். முந்தின வருடம் அம்மா கோழிக்கறி சமைத்துக் கொடுத்தார். கொண்டுபோன சட்டி அப்படியே திரும்பி வந்தது. நடுவில் ஒரேயொரு கரண்டி அள்ளிய பள்ளம். "அவையளுக்கு ஏற்கெனவே வயிறு நிரம்பிட்டுது," என்றார் அப்பா. அதை நான் நம்பினேன். ஆனால் என் வகுப்புப் பிள்ளைகள் மூன்று பேர் பார்த்துக்கொண்டிருக்க, அந்தச் சட்டியை வீட்டுக்குத் தூக்கி வந்தவள் நான். இந்த வருடமாவது எங்கள் சாப்பாடு முடியவேண்டும். முடியாவிட்டால் பள்ளிக்கூடமே வேண்டாம் என்று முடிவுகட்டியிருந்தேன்.

வழி சொன்னவர் கனடாவில் இருக்கும் மாமா. வெள்ளை அவரை விதையை இரவே ஊறப்போட்டு அவித்து, வெங்காயம், தக்காளி சோஸ், கடுகு, மண்ணிறச் சீனி எல்லாம் சேர்த்து, மேலே பன்றி இறைச்சியை அடுக்கிப் புகையிலே வேகவைப்பது. "பண்டியும் இனிப்பும் சேர்ந்தால் வெள்ளைக்காரர் விடமாட்டினம், அத்தான். ஆனால் மூடியைத் திறக்கக்கூடாது. திறந்தால் சூடு போயிடும்," என்று தொலைபேசியில் மூன்று தரம் சொன்னார். இனிப்பு என்ற சொல் என் காதில் விழவில்லை. விழுந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

அப்பாவுக்கு வேலை பன்றி இறைச்சித் தொழிற்சாலையில். நாள் முழுக்க வெட்டுவார், ஆனால் ஒரு துண்டுகூட எங்கள் வாசற்படி தாண்டி வந்ததில்லை. அது அம்மாவின் சட்டம். ஆகவே எல்லாம் தோட்டத்திலேயே நடந்தது. சமைத்துவிட்டு எறியக்கூடிய பெரிய அலுமினியத் தட்டம், எறியக்கூடிய மரக்கரண்டி. பக்கத்து வீட்டில் ஓய்வுபெற்ற பஸ் சாரதி ஒருவர் இருந்தார். மீன் புகைபோட வைத்திருந்த இரும்புப் பெட்டியை அவர்தான் இரவல் தந்தார்.

காலை எட்டு மணிக்குப் பெட்டி புகையத் தொடங்கியது. எட்டேகாலுக்கு, புரொண்பி நகரில் இருக்கும் சித்தப்பா அழைத்தார்.

"அண்ணை, இண்டைக்கு ஆடி அமாவாசையெல்லோ? விரதம்தானே?"

தகப்பன் இல்லாதவர்கள் பிடிக்கும் விரதம். வேலை மாற்றமும் தெருவிழா அவசரமுமாக அப்பா அதை மறந்தே போயிருந்தார். கரண்டியும் கையுமாக அவர் நின்ற நிலை இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. அம்மா கதவடியில் நின்று, "பிதிர் நாளில பண்டியோ? கடவுளே!" என்று தலையில் கை வைத்தார்.

"தெருவிழாவுக்குப் பேர் குடுத்திட்டனப்பா. இனி இல்லையெண்டு சொல்லேலாது," என்றார் அப்பா.

கடைசியில் ஒரு சமாதானம் வந்தது. சமைக்கலாம், ஆனால் எங்கள் வீட்டில் ஒருவரும் அதை வாயில் வைக்கக்கூடாது. பிறகு அந்த மனிதர் பட்ட பாடு! ஓடிப்போய்த் தலைமுழுகுவார், தன் அப்பாவின் படத்துக்கு விளக்கேற்றுவார், திரும்ப ஓடிவந்து விறகுத்துண்டு போடுவார், மாமா சொன்னதை மறந்து மூடியைத் திறப்பார், ஐயோ என்று மூடுவார். மத்தியானம் படையல் வைத்து, காகத்துக்கு வைத்து, மரக்கறிச் சோறு அரைவயிறு சாப்பிட்டுவிட்டு மறுபடி ஓட்டம். அவருக்குப் பின்னால் நானும் ஓடினேன். மணி நகரவே இல்லை.

இரண்டு மணிக்கு அப்பா மறுபடி குளிக்கப் போனார். எனக்கு மட்டும் ஒரு கவலை அரித்துக்கொண்டே இருந்தது. ருசி பார்க்காமல் இதை எப்படிக் கொண்டுபோவது? மூடியைத் தூக்கினேன். இறைச்சியைத் தொடவில்லை. ஒரே ஒரு அவரை விதை; அது பண்டியில் சேர்த்தியில்லை என்று எனக்கு நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன்.

இனித்தது! பாயாசம் மாதிரி இனித்தது. அப்பா அவசரத்தில் உப்புக்குப் பதில் சீனியைக் கொட்டிவிட்டார், எங்கள் மானம் போகப்போகிறது என்று நினைத்தேன். குசினிக்கு ஓடி, அம்மாவின் கறித்தூள் போத்தலை எடுத்துவந்தேன்.

மூன்று மணிக்கு அப்பா மூடியைத் திறந்தார். புகையோடு சேர்ந்து எங்கள் வீட்டு வாசம் குபீரென்று வந்தது. அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"என்ன பிள்ளை போட்டனீ?"

"தூள். இனித்தது அப்பா. நான் சரிசெய்துவிட்டேன்," என்றேன். டேனிஷில்தான் சொன்னேன், அந்த வயதில் எனக்குப் பெருமை வந்தால் டேனிஷ்தான் வரும்.

"எத்தினை கரண்டி?"

"நாலு."

"தேக்கரண்டியோ?"

"இல்லை, பெரிசு."

அப்பா கண்ணை மூடித் திறந்தார். தெருவில் மேசையடிக்குக் கதிரைகள் இழுபடும் சத்தம் கேட்டது. "சரி, அந்தப் பக்கம் பிடி," என்றார். ஒரு ஏச்சும் இல்லை. மெச்சிவிட்டார் என்றே நினைத்தேன்.

மேசையில் முதலில் எல்லாரும் ஆசையாகத்தான் அள்ளினார்கள். பிறகு ஒரு பெண் இருமினார். என் வகுப்புப் பையன் தண்ணீர் தண்ணீர் என்று கத்தினான். பஸ் சாரதியின் முகம் செக்கச்செவேலென்று ஆனது. "இதை நீ ருசி பார்க்கவில்லையா?" என்று அப்பாவைக் கேட்டார்.

அப்பா எழுந்து நின்றார். உடைந்த டேனிஷில், பிழை தன்னுடையது என்றார். இன்று தன் அப்பாவுக்கான நாள், அதனால் தான் இறைச்சி உண்பதில்லை, ருசி பார்க்கவும் முடியவில்லை, மன்னிக்கவேண்டும் என்றார். என்னைப் பற்றி மூச்சுவிடவில்லை.

பஸ் சாரதி கேட்டார், "உன் அப்பாவின் பெயர் என்ன?"

அப்பப்பாவின் பெயர் நீளமான பெயர். அப்பா சொன்னார். அவர்கள் அதை ஆளுக்கொரு விதமாகக் கடித்துத் துப்பினார்கள். வேலையிடத்தில் தன் பெயரைப் பாதியாக வெட்டிக் கூப்பிட்டாலும் ஒன்றும் சொல்லாத மனிதர், அன்றைக்கு விடவில்லை. ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லிக்கொடுத்தார், தெரு முழுக்கச் சரியாகச் சொல்லும்வரை. பிறகு எல்லாரும் பியர் கிளாசை உயர்த்தி, அந்தப் பெயரைச் சொல்லி, "ஸ்கோல்!" என்றார்கள். ஒரு நாளும் மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் தொடாத அப்பப்பாவுக்கு, பண்டி இறைச்சி வைத்து. பலர் பாண் ரொட்டித் துண்டோடு இன்னும் கொஞ்சம் அள்ளிக்கொண்டார்கள்.

அப்பப்பாவின் செத்தவீட்டுக்கு அப்பாவால் போகமுடியவில்லை என்பதெல்லாம் எனக்குப் பிற்பாடு தெரிந்தது. அன்றைக்கு எனக்குத் தெரிந்தது, தட்டத்தில் பாதி மிஞ்சிக் கிடந்தது என்பது மட்டும்தான். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அப்பாவின் சேட்டுக் கையைப் பிடித்து இழுத்து, "பாதி மிஞ்சிப்போச்சு," என்றேன்.

"பரவாயில்லை, பிள்ளை. எல்லாரும் சாப்பிட்டவைதானே," என்றார்.

அவர் கண்ணிலிருந்து தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. தூள் கூடிவிட்டது, அப்பாவுக்கும் உறைத்துவிட்டது என்று நினைத்தேன். அவர் அதில் ஒரு வாய்கூட வைக்கவில்லை என்பது எனக்கு அப்போது தோன்றவே இல்லை.