லினெட் ஸ்டப்ஸ் சுட்ட எலுமிச்சைக் கேக்

பதினோரு வருஷம் மீன் தொழிற்சாலையில் நின்று, புகைபோட்ட ஹாடக் மீனைப் பெட்டியில் அடுக்கியவள் லினெட் ஸ்டப்ஸ். இங்கிலாந்தின் மீன்பிடித் துறைமுகமான கிரிம்ஸ்பியில் அது ஒன்றும் அதிசயமில்லை. எங்கள் ஊரில் பாதிப் பேர் கையில் அந்த வாடை உண்டு. முப்பத்தெட்டு வயதில் அவள், ஆம்புலன்ஸில் போய் அவசர சிகிச்சை செய்யும் பாராமெடிக் ஆகப் பட்டம் படிக்கப் போனதுதான் அதிசயம். அப்படிப் போனவளை எப்படி வெளியே தள்ளினார்கள் என்று நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது.

எல்லாம் ஒரு செவ்வாய்க்கிழமை ஆரம்பித்தது. கூட வேலை பார்த்த பிரெண்டா பெட்டிகளுக்கு நடுவே சுருண்டு விழுந்தாள். மூச்சில்லை. மற்றவர்கள் கூச்சல் போட, லினெட் மட்டும் மண்டியிட்டு, ஆம்புலன்ஸ் வரும்வரை ஒன்பது நிமிஷம் அவள் நெஞ்சை அமுக்கிக்கொண்டே இருந்தாள். பிரெண்டா பிழைத்துக்கொண்டாள். அன்றைக்கு வந்த பாராமெடிக் பெயர் மாக்சின் ஓகிள். குட்டைத் தலைமுடி, கட்டைக் குரல்.

"யாரும்மா நெஞ்ச அமுக்கினது?"

"நான்தான். ஏதாச்சும் தப்பாப் பண்ணிட்டேனா?"

"தப்பா? விலா எலும்பு ரெண்டு உடைஞ்சிருக்கு, ஆள் உசுரோட இருக்கா. இதுக்கு மேல என்ன வேணும்? அப்புறம் எதுக்கு இங்க நின்னு மீன் அடுக்கிட்டு இருக்க?"

அந்த ஒரு கேள்வி லினெட்டைத் தூங்க விடவில்லை. மாலைக் கல்லூரியில் சேர்ந்து அறிவியல் படித்தாள். கணக்கில் ஒருமுறை கோட்டைவிட்டு, மறுமுறை தேறினாள். ஆம்புலன்ஸ் ஓட்ட லாரி உரிமம் வேண்டும் என்றார்கள். "சின்னக் காரை நிறுத்தவே உனக்கு ஒரு மைதானம் வேணும், இதுல லாரியா?" என்று புருஷன் கீத் கேலி செய்தான். மூன்றாவது தடவையில் உரிமம் கிடைத்தது. அதன்பிறகு அவன் மனைவிக்குப் பதில் சமைக்கப் பழகிக்கொண்டான்.

பல்கலைக்கழகத்துக்குத் தன்னைப் பற்றி ஒரு பக்கம் எழுதி அனுப்ப வேண்டும். அந்த ஒரு பக்கத்தை எட்டுத் தடவை எழுதினாள். மாக்சின் தன் விடுமுறை நாளில் லினெட் வீட்டுக்கே வந்து, சமையலறை மேஜையில் உட்கார்ந்து, சிவப்புப் பேனாவால் அடித்தாள்.

"'சின்ன வயசுலேர்ந்தே சேவை செய்ய ஆசை'ன்னு எழுதியிருக்க. இத எல்லா மூதேவியும் எழுதும். பிரெண்டா எலும்பு உடையுற சத்தம் கேட்டப்ப உனக்கு எப்படி இருந்துச்சு? அத எழுதுடி."

எழுதினாள். நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள். இடம் கிடைத்த செய்தி வந்தபோது லினெட் தொழிற்சாலைக் கழிப்பறையில் இருந்தாள். அங்கேயே அழுதாள். முதல் போன் கீத்துக்கு, இரண்டாவது மாக்சினுக்கு. கூடப் பிறந்தவள் இருந்திருந்தால்கூட இவ்வளவு செய்திருக்க மாட்டாள் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள். கண்ணை மூடிக்கொண்டு நம்பினாள், பாவி.

இரண்டாம் வருஷம் பயிற்சிக்கு அவளை மாக்சினிடமே போட்டார்கள். அந்த ஆம்புலன்ஸ் நிலையத்தில் ஒரு வழக்கம் உண்டு. எதையாவது முதல் தடவை செய்தவர், அது நல்லதோ அசட்டுத்தனமோ, மறுநாள் எல்லோருக்கும் கேக் கொண்டுவர வேண்டும். சமையலறை வெள்ளைப் பலகையில் பெயரையும் காரணத்தையும் எழுதிவிடுவார்கள். கேக் வந்து தின்று முடித்தால் அந்த விஷயம் அதோடு சரி, யாரும் பிறகு கிளற மாட்டார்கள். லினெட் முதல் பிரசவத்துக்கு ஒன்று, தவறான தெருவுக்கு வழிகாட்டியதற்கு ஒன்று என்று எலுமிச்சைக் கேக்காகச் சுட்டுக் கொண்டுபோனாள். "இவளுக்கு இன்னும் நாலு தப்பு பண்ணச் சொல்லிக் குடுங்கப்பா," என்பான் வண்டி ஓட்டும் ஸ்டூ. வாய் நிறையக் கேக் இருக்கும்.

பிப்ரவரி மாதம் ராய் ஹாப்குட் என்ற அறுபத்தாறு வயதுக்காரருக்கு நெஞ்சுவலி என்று அழைப்பு வந்தது. பதினோரு மணிநேரம் வேலை பார்த்துச் சோர்ந்த பிறகு வந்த கடைசி அழைப்பு. நோயாளியைத் தூக்கிப்போகும் நாற்காலியை எடுக்க ஸ்டூ வண்டிக்குப் போனான். ராயின் மனைவி பவுலீன் குரைத்த நாயைச் சமையலறைக்குள் இழுத்துப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். லினெட் ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையை அவர் கையில் சுற்றிக்கொண்டிருந்தாள். எண் இன்னும் வரவில்லை. அதற்குள் மாக்சின் அவர் நாக்குக்கு அடியில் நெஞ்சுவலி ஸ்ப்ரே மருந்தை இரண்டு தடவை அடித்துவிட்டாள்.

அழுத்தம் பார்க்காமல் அந்த மருந்தைத் தொடக்கூடாது. வேறு மாத்திரை சாப்பிட்டாரா என்று கேட்காமலும் தொடக்கூடாது. ராய் சாப்பிட்டிருந்தார். வயதான ஆண்கள் மனைவியிடமே சொல்லக் கூசும் நீல மாத்திரை. இரண்டும் சேர்ந்ததில் அழுத்தம் சரசரவென்று இறங்கியது, ஆள் வெளுத்துச் சரிந்தார். காலைத் தூக்கிப் பிடித்து, ஊசி வழியே நீர் ஏற்றி மீட்டார்கள். கண் திறந்தவர் சொன்ன முதல் வார்த்தை, "பவுலீன்கிட்ட சொல்லிடாதீங்கம்மா."

ஆஸ்பத்திரி வாசலில், ஸ்டூ காபி வாங்கப் போன நேரத்தில், மாக்சின் லினெட்டின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"என் மேல ஏற்கெனவே ஒரு எச்சரிக்கை இருக்குடி. இன்னொண்ணு வந்தா என் லைசென்ஸ் போச்சு. ரெண்டு பசங்கள வெச்சுக்கிட்டு நான் எங்க போவேன்?"

"அதுக்கு நான் என்ன பண்றது?"

"மருந்த நீ அடிச்சதா எழுது. நான் பக்கத்துல நின்னதா எழுது. மாணவி தப்பு பண்ணா அதுக்குப் பேரு படிப்பு. நான் பண்ணா வேலை போயிடும். உங்க பல்கலைக்கழகத்துல தப்ப ஒத்துக்கிட்டுக் கட்டுரை எழுதுனா மார்க்கே போடுவாங்க. ஒரு கேக் சுட்டுக் கொண்டுவா, எல்லாம் மறந்துடுவாங்க."

சமையலறை மேஜையில் சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்திருந்த மாக்சின்தான் லினெட்டின் கண்ணில் நின்றாள். எழுதினாள். பாராமெடிக் மாணவர்கள் எல்லோரும் தங்கள் தவறைத் தாங்களே அலசி எழுதும் கட்டுரை அது. செய்யாத தவறை அவ்வளவு உருக்கமாக எழுதினாள். அந்த வருஷத்திலேயே அவளுக்குக் கிடைத்த அதிகபட்ச மதிப்பெண் அதற்குத்தான். "உன் நேர்மை என்னை நெகிழ வைக்கிறது" என்று ஓரத்தில் ஆசிரியர் பெல்லமி குறித்திருந்தார். நிலையத்துப் பலகையில் "லினெட், முதல் மருந்துத் தப்பு" என்று எழுதினார்கள். எலுமிச்சைக் கேக் வந்தது. முதல் துண்டை எடுத்தவள் மாக்சின்.

ஏப்ரலில் பவுலீனுக்கு விஷயம் தெரிந்தது. மாத்திரைக்காகப் புருஷனை உண்டு இல்லை என்று ஆக்கியவள், என் வீட்டுக்கு வந்தவர்கள் ஏன் கேட்கவில்லை என்று புகாரும் எழுதினாள். ஜூனில் பல்கலைக்கழகம் விசாரணை வைத்தது. பட்டத்துக்கு ஒரே ஒரு வருஷம் பாக்கி.

"பயப்படாத, நான் வந்து உனக்காகப் பேசறேன்," என்று மாக்சின் சொல்லியிருந்தாள். வந்தாள். இஸ்திரி போட்ட சீருடையில், நேராக உட்கார்ந்தாள்.

"அழுத்தம் பாக்குற வரைக்கும் காத்திருன்னு சொன்னேன்," என்றாள் விசாரணைக் குழுவிடம். "நான் திரும்பறதுக்குள்ள அடிச்சுட்டா. தப்பு அவளோடதுன்னு அவளுக்கே தெரியும். அவளே எழுதியிருக்கா. அதுக்குக் கேக்கே கொண்டுவந்தா. ஸ்டேஷன்ல எல்லாரும் சாப்பிட்டோம்."

பழியை ஏற்றுக்கொள்வதற்கு லினெட் தயாராகத்தான் வந்திருந்தாள். ஆனால் சொன்ன பேச்சைக் கேட்காதவள் என்றுமா? அதற்கு மேல் அடக்க முடியவில்லை. எழுந்து நின்று கத்தினாள்.

"பொய்! நீதான் அடிச்ச! என் முகத்தப் பாத்துச் சொல்லு மாக்சின்!"

மாக்சின் மேஜையைப் பார்த்தாள். குழுத் தலைவி கண்ணாடியைக் கழற்றி, பொறுமையாகக் கேட்டார்.

"அப்படீன்னா நீங்க எழுதின கட்டுரை பொய்யா, மிஸஸ் ஸ்டப்ஸ்?"

ஆமாம் என்றால் பொய்க்காரி. இல்லை என்றால் நோயாளியின் உயிரோடு விளையாடியவள். லினெட் ஆமாம் என்றாள். மருந்துத் தவறை மன்னித்திருப்போம், பொய்யை மன்னிப்பதற்கில்லை என்று கடிதம் வந்தது. படிப்பு அதோடு முடிந்தது. கடிதத்தில் பெல்லமியும் கையெழுத்துப் போட்டிருந்தார்.

ஜூலையில் சீருடையையும் காலணியையும் திருப்பிக் கொடுக்க நிலையத்துக்குப் போனாள். தேநீர் நேரம். மேஜையில் கடையில் வாங்கிய சாக்லேட் கேக். ஸ்டூவோடு நாலைந்து பேர் தட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். வெள்ளைப் பலகையில் "மாக்சின், முதல் விசாரணைச் சாட்சி" என்று எழுதியிருந்தது.

"அது... வழக்கம்தானே லினெட்," என்று ஸ்டூ மென்று விழுங்கினான். "வேற ஒண்ணும் நெனச்சு இல்ல."

"உக்காரு," என்றாள் மாக்சின், தலை நிமிராமல். "ஒரு துண்டு எடுத்துக்க."

லினெட் பையைக் கீழே வைத்தாள். பலகைக்குப் போனாள். மாக்சின் என்ற பெயரை விட்டுவிட்டு, அதற்குப் பக்கத்தில் இருந்ததை உள்ளங்கையால் அழித்தாள். பேனாவை எடுத்து நிதானமாக எழுதினாள். "முதல் மருந்துத் தப்பு, பிப்ரவரி."

"கேக் அஞ்சு மாசம் லேட்டு," என்றாள். "சாப்பிடுங்க எல்லாரும்."

ஸ்டூ பலகையைப் பார்த்தான், மாக்சினைப் பார்த்தான். அவள் எழுந்து அழிப்பாள் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். அவள் எழவில்லை. ஸ்டூ தன் தட்டில் மிச்சமிருந்த கேக்கைத் தின்னாமல் மெல்ல மேஜை மேல் வைத்துவிட்டு, லினெட்டுக்குக் கதவைத் திறந்துவிட்டான்.