பஸ்ஸுக்குள் விரித்த குடை

மழை இல்லாத நேரத்தில், கூரை உள்ள பஸ்ஸுக்குள், கறுப்புக் குடையை விரித்துப் பிடித்த முட்டாள் ஒருவனைத் தேடுகிறவர்கள் அதிகம் அலைய வேண்டாம். அது நான்தான். அப்போது எனக்குப் பத்து வயது. வயதைச் சாக்காகச் சொல்லவில்லை. என்னைவிடச் சின்னப் பிள்ளைகள் அந்தப் பஸ்ஸில் ஒழுங்காகத்தான் உட்கார்ந்திருந்தார்கள்.

நான் கீழே டவுனில் ஹாஸ்டலில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தேன். அங்கே போன ஒரு வருஷத்தில் எனக்குக் கணக்கு வரவில்லை. வெட்கப்படுவதில் மட்டும் வகுப்பிலேயே முதல் ஆள் ஆகியிருந்தேன். மலைப் பேச்சுக்கு வெட்கம், ஊரிலிருந்து கொடுத்தனுப்பும் மரவள்ளிக் கிழங்குக்கு வெட்கம்.

பரீட்சை லீவுக்கு என்னை மேலே, மலையில் இருக்கும் எங்கள் ஊருக்குக் கூட்டிப்போகச் சின்னம்மா வந்திருந்தாள். அம்மாவின் தங்கை; மலைமேலேயே திருப்புலி நாட்டில் வாக்கப்பட்டு, மிளகும் மரவள்ளியும் பார்க்கிறவள். இடுப்பில் ஐந்து மாதப் பிள்ளை, கையில் குடை.

பஸ் ஸ்டாண்டில் புதிதாக ஒரு அறை திறந்திருந்தார்கள். கதவுக்கு மேல் ‘தாய்மார்கள் பாலூட்டும் அறை’ என்று எழுதியிருந்தது. நான் ஒரே மூச்சில் படித்துக் காட்டினேன். சின்னம்மா எட்டிப் பார்த்து, உட்கார இடமும் ஃபேனும் இருக்கிறது, பஸ்ஸுக்குக் காத்துக் கிடக்கிறவர்களுக்கு ஆகும் என்று சொல்லிவிட்டு, எங்கள் பஸ் நின்ற பக்கம் நடந்தாள். என் மூளை அங்கேயே நின்றுவிட்டது. கவர்மெண்டே கதவு போட்டு அறை கட்டியிருக்கிறது என்றால், கதவுக்கு வெளியே பால் கொடுப்பது குற்றமாகத்தானே இருக்க வேண்டும்? சந்தையிலும் களத்திலும் ரேஷன் கடை வரிசையிலும் பெண்கள் பிள்ளைக்குப் பால் கொடுப்பதை நான் பிறந்ததிலிருந்து பார்த்திருக்கிறேன். பார்த்திருக்கிறேன் என்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது.

எங்கள் பெண்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. மலையடிவாரத்துக் காரவள்ளியில் ஏற்றம் தொடங்கும்போது கைப்பிள்ளையை மார்போடு போட்டுக்கொள்வார்கள். எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் பிள்ளை குடித்தபடியும் கண்ணயர்ந்தபடியும் ஏறிவிடும். காது அடைக்காது. கொடுக்காவிட்டால், மேலே போய்ச் சேரும்வரை பஸ் முழுக்க அதன் கச்சேரிதான். சின்னம்மாவும் முந்தானையைக் கொஞ்சம் ஒதுக்கிப் பிள்ளையை அணைத்துக்கொண்டு, அந்தப் பக்கத்து சீட்டுக்காரரிடம் இந்த வருஷ மிளகுக் காய்ப்பைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள். அவருக்குப் பின்னால் ஒருவர் பலாப்பழத்தை மடியில் வைத்துத் தூங்கினார்.

நான் சுற்றிலும் பார்த்தேன். யாரும் பார்க்கவில்லை. அதுதான் எனக்குச் சந்தேகமாக இருந்தது. பார்க்காத மாதிரி பார்க்கிறார்கள் என்று முடிவு கட்டி, ஒன்பதாவது வளைவில், காலடியில் கிடந்த குடையை எடுத்து அவளுக்கு முன்னால் விரித்தேன்.

பெரிய குடை. ஒரு கம்பி முன் சீட்டுக்காரரின் பிடரியைக் குத்தியது. டிரைவரின் கண்ணாடியில் பஸ்ஸின் பின்பாதி காணாமல் போனது. பத்தாவது வளைவுக்கு முன்னால் பஸ் நின்றது. கண்டக்டர் பையை ஒதுக்கிக்கொண்டு வந்து, என்னைப் பார்த்தார், குடையைப் பார்த்தார், கூரையை அண்ணாந்து பார்த்தார்.

“ஏனுங்க சாமி, பஸ்ஸு ஒழுகுதுங்களா?”

எல்லோரும் சிரித்தார்கள். அதோடு நான் வாயை மூடியிருக்கலாம். வகுப்பில் எழுந்து பதில் சொல்கிற குரலில், கடைசி சீட்டுவரை கேட்கும்படி சொன்னேன்.

“எங்க சின்னம்மா பாப்பாவுக்குப் பால் குடுக்குதுங்க. யாரும் பாக்கக் கூடாதுங்க.”

அதுவரை பார்க்காத நாற்பது பேரும் பார்த்தார்கள். பலாப்பழக்காரர் விழித்துக்கொண்டு, என்ன விஷயம் என்று விசாரித்துவிட்டுப் பார்த்தார். பிறகு எல்லோரும் சொல்லிவைத்தாற்போல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். அது பார்த்ததைவிட மோசமாக இருந்தது.

பிள்ளை வாயை எடுத்துவிட்டு அழுதது. சின்னம்மா முந்தானையை இழுத்து அதன் தலைக்கு மேலே போட்டாள். அவள் அப்படிச் செய்து நான் பார்த்ததே இல்லை. துணிக்குள் புழுங்கிப் பிள்ளை உதைத்தது, குடிக்கவில்லை. இருபது, நாற்பது, அறுபது என்று வளைவுப் பலகைகள் போய்க்கொண்டிருந்தன. அழுது அழுது அதன் குரல் கம்மி, நடுவில் வாந்தியும் எடுத்தது. மிளகுப் பேச்சு பாதியில் நின்றது நின்றதுதான். நானோ, ஒரு நல்ல காரியம் செய்தவனுக்கு யாரும் ஒரு நல்ல வார்த்தை சொல்லவில்லையே என்று மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் பஸ்ஸில் அவளை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தவன் ஒரே ஒருவன்தான், அவன் கையில்தான் குடை இருந்தது என்பது எனக்கு உறைக்க இன்னும் பல வருஷம் பாக்கி இருந்தது.

எங்கள் நிறுத்தத்தில் இறங்கினோம். சின்னம்மா நாலு எட்டுக்கூட நடக்கவில்லை. ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்து முந்தானையை ஒதுக்கினாள். பஸ் இன்னும் கிளம்பவில்லை. பஸ் கூரைமேல் ஏறி யாரோ மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார்கள், ஜன்னல்கள் எல்லாம் எங்கள் பக்கமாகவே இருந்தன. பிள்ளை விசும்பி விசும்பிக் குடித்தது. சின்னம்மா அதன் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

நான் பஸ்ஸைப் பார்த்தேன். கையில் இருந்த குடையைப் பார்த்தேன்.

“விரிக்கட்டுமா சின்னம்மா?”

அவள் நிமிரவில்லை.

“மழ வந்தா விரி.”