துப்பாக்கிக்கு வைத்த பொட்டு

அந்தப் படத்துக்காக என் வீட்டுக்காரர் தினமும் செத்தார். காலையில் கடலூர் பழைய துறைமுகத்துக் கிடங்கில் ஒருமுறை சாவார். சாப்பாட்டுக்குப் பிறகு வேறு சட்டை, ஒட்டு மீசையோடு இன்னொரு முறை. செத்து எழுந்து நேரே என்னிடம் வந்து, "இன்னிக்கி எப்பிடி வுழுந்தேன் பாத்தியா?" என்று பல்லைக் காட்டுவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். தாலி கட்டின மனுஷன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிவதைப் பார்க்கிறவளுக்குக் கைதட்டவா தோன்றும்?

ஆயுத வியாபாரி ஒருவனைப் பற்றிய படம் அது. அடித்துக்கொள்ளும் இரண்டு கூட்டத்துக்கும் அவனே துப்பாக்கி விற்பான். எங்கள் கரையில் மீன் ஏலம் விடுகிற மாதிரி மேசையில் பரப்பி வைத்து, ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டி விலை பேசுவான். வாங்கினவர்கள் சாவார்கள், விற்றவன் சட்டையில் ஒரு சுருக்கம் விழாது. சுருக்கம் விழாமல் பார்த்துக்கொள்ளத் தனியாக ஓர் ஆள் இஸ்திரிப் பெட்டியோடு பின்னாலேயே திரிந்தான். சாகிற வேலைக்குத் தேவனாம்பட்டினத்து ஆண்களைக் கூட்டி வந்திருந்தார்கள். என் வீட்டுக்காரரும் என் தம்பியும் அதில் இருந்தார்கள். தையல் தெரியும் என்பதால் என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். குண்டு பாய வேண்டிய இடத்தில் சட்டைத் துணியை உள்பக்கம் சுரண்டி மெலிதாக்கி, அதன் அடியில் ரத்தப் பை வைக்க இடம் தைத்துக் கொடுப்பேன். ஊருக்கெல்லாம் ரவிக்கை தைத்த மெஷினில் ஆம்பளைகள் சாவதற்கு அளவெடுத்துத் தைத்தேன். சிவப்புச் சாயத்தைச் சீனிப்பாகில் கலக்கி அந்த ரத்தத்தைக் காய்ச்சியதும் நான்தான்.

துப்பாக்கிகளில் மூன்று ஜாதி. கீழே விழுகிறவனுக்கு ரப்பர். தூரத்தில் சும்மா நிற்கிறவனுக்கு மரம். கேமராவுக்குப் பக்கத்தில் சுடுகிறவனுக்கு இரும்பு. அந்த இரும்பில் குண்டு கிடையாது, மருந்து மட்டும்தான் வெடிக்கும். ஆனால் அது வெடித்தால் கிடங்குப் புறாக்கள் எல்லாம் கூரையை விட்டுப் பறந்துவிடும். அவற்றைப் பார்த்துக்கொள்ளச் சென்னையிலிருந்து ஒருவர் வந்திருந்தார். துப்பாக்கி அண்ணன் என்றுதான் எல்லோரும் கூப்பிட்டோம். ஒல்லியான ஆள், சிரிக்கவே மாட்டார். "குண்டு இல்லன்னு வெளையாடாதீங்கப்பா. கொழாய்க்குள்ள அடைப்பு வச்சி, ஊசி போற ஓட்டதான் வுட்டுருக்கோம். வெடிச்ச காத்து போறதுக்கு அது ஒண்ணுதான் வழி" என்று தினமும் சொல்லிவிட்டுத்தான் கையில் கொடுப்பார். தினமும் கேட்டால் வேதமும் காதில் ஏறாது. எங்கள் ஆட்கள் தலையை ஆட்டிவிட்டுப் போவார்கள்.

ஆயுத பூஜை வந்தது. மேனேஜர் கேமரா, விளக்கு, ஜெனரேட்டர், கேரவன் வண்டி எல்லாவற்றுக்கும் பூஜை போட்டார். ஆயுதத்துக்குத்தானே ஆயுத பூஜை, துப்பாக்கியை விடலாமா? சுவரில் நிமிர்த்திச் சாய்த்து வரிசையாக வைத்தார்கள். பன்னீர் விட்டுக் கரைத்த சந்தனக் கிண்ணம் வந்தது. துப்பாக்கி அண்ணன், "கட்டையில மட்டும் வைங்க. கொழா பக்கம் வேணாம்" என்று சொல்லிவிட்டு, யாரோ கூப்பிட்டார்கள் என்று போனார்.

மறுநாள் காட்சியில் கேமராவுக்குப் பக்கத்தில் சுடுகிற வேலை கிடைத்திருந்ததால் என் வீட்டுக்காரருக்கும் ஓர் இரும்பு ஒதுக்கியிருந்தார்கள். அதன் முன்னால் போய் நின்றார். படகுக்குப் பூஜை போடும்போது நாங்கள் அணியத்தில், அதன் முன்மூக்கில்தான் பொட்டு வைப்போம். முன்பக்கம் எதுவோ அதுதான் முகம். பின்பக்கத்தில் பொட்டு வைத்தால் கடல் பார்க்காது என்பார்கள். பயபக்தியோடு சந்தனத்தைத் தொட்டுக் குழலின் வாயில் வைத்தார், மேலே குங்குமம் வைத்தார், கன்னத்தில் போட்டுக்கொண்டார். கூட நின்ற எங்கள் ஊர்க்காரர் ஒருவருக்கும் அதில் தப்புத் தெரியவில்லை. பூஜை போட்டதை மறுநாள் வரைக்கும் தொடக் கூடாது என்று மேனேஜர் கிடங்கைப் பூட்டினார். துடைக்க வேண்டும் என்று துப்பாக்கி அண்ணன் கேட்டதற்கு, "சாமி காரியத்துல கை வைக்காதய்யா" என்றார்.

மறுநாள் சிதம்பரம் தாண்டிப் பிச்சாவரத்தில் படப்பிடிப்பு. சுரபுன்னைக் காட்டுக்குள் ஆயுதம் இறக்கும்போது இன்னொரு கூட்டம் மறித்துச் சுடுகிற காட்சி. துப்பாக்கி அண்ணன் ஒவ்வொன்றையும் கழற்றிப் பார்த்துத்தான் கொடுப்பேன் என்று உட்கார்ந்தார். "தண்ணி எறங்குது. படகு தர தட்டிச்சின்னா நீ வந்து தள்ளுவியா?" என்று மேனேஜர் கத்தினார். அதற்குள் என் வீட்டுக்காரர் தன்னுடையதைக் கும்பிட்டு எடுத்துக்கொண்டு படகில் ஏறியிருந்தார்.

"சந்தனத்த தொடச்சியா?" என்று கரையிலிருந்து அண்ணன் கேட்டார்.

"தொடச்சாச்சிண்ணே."

பொய்யில்லை. லுங்கியால் துடைத்திருந்தார், வெளியில். உள்ளே வழிந்து காய்ந்ததை யார் பார்த்தார்கள்?

ஆக்‌ஷன் என்றார்கள். படகுகளில் நின்றவர்கள் சுட்டார்கள், தண்ணீரில் விழுந்தார்கள், கத்தினார்கள். நான் மாற்றுச் சட்டை மூட்டையோடு பின்படகில் இருந்தேன். ஒரு சத்தம் மட்டும் வேறு மாதிரி கேட்டது. என் வீட்டுக்காரர் சுருண்டு விழுந்தார். டைரக்டர், "சூப்பர்!" என்று கூவினார். நானும் ஒரு கணம் நடிப்பென்றுதான் நினைத்தேன். அப்புறம் ரத்தத்தைப் பார்த்தேன். நான் காய்ச்சுகிற ரத்தம் திட்டாக ஒட்டி நிற்கும். இது நிற்காமல் ஓடியது. குழல் பிளந்து இடது கை சிதைந்து, மணிக்கட்டில் இரும்புத் துண்டு வெட்டியிருந்தது. நான் போட்ட கூச்சலில்தான் கேமரா நின்றது.

முதலில் தண்ணீரில் குதித்தவர் துப்பாக்கி அண்ணன். நீந்திப் போய்ப் படகில் ஏறி, என் வீட்டுக்காரர் கையை மேலே தூக்கி, மணிக்கட்டை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தார். ஓட்டம் குறைந்தது. அதற்குள் என் தம்பி அந்தப் படகுக்குத் தாவிவிட்டான். அவன் கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை.

"எங்க மாமா கையில ஓட்ட துப்பாக்கியக் குடுத்தியாடா, தேவடியா மவனே!"

துடுப்பால் முதுகில் அடித்தான். அவர் அசையவில்லை. தோளில் அடித்தான். இன்னும் இரண்டு பேர் ஏறி மிதித்தார்கள். "அடிங்க... இத வுட்டா போயிடுவாரு... அடிங்க..." என்றார் அவர். தலையைக்கூட மறைக்கவில்லை. மறைக்க வேண்டுமென்றால் கையை எடுக்க வேண்டும். அடுத்த அடி காதில் விழுந்தது. காதிலிருந்து ரத்தம் கழுத்துக்கு இறங்கியது. பிடி மட்டும் தளரவில்லை.

என் படகு போய் இடித்ததும் கையில் கிடைத்த மரத் துப்பாக்கியைத் தூக்கி என் தம்பியின் முதுகில் ஓங்கி அடித்தேன். கட்டை இரண்டாகப் போயிற்று. அந்தப் படத்தில் ஆளை உண்மையாக அடித்த துப்பாக்கி அது ஒன்றுதான். "எரும! அவரு புடிச்சிருக்கறது என் தாலிடா!" என்றேன். அவன் துடுப்பைப் போட்டான்.

சிதம்பரம் ஆஸ்பத்திரி வரை வண்டியில் அவர் பிடித்தபடியே வந்தார். என் வீட்டுக்காரர் அரை மயக்கத்தில், "மொகத்துலதாண்ணே வச்சேன்... பொட்டு..." என்று முனகினார். "பேசாத" என்றார் அண்ணன். அங்கே நர்ஸ் வந்து, "வுடுங்க சார், நாங்க பாத்துக்கறோம்" என்று சொல்லியும் அவர் விரல்கள் பிரியவில்லை. மரத்துப் போயிருந்தன. ஒவ்வொரு விரலாக அவள்தான் பிரித்தாள்.

இரண்டு விரல் போயிற்று, உயிர் தங்கிற்று. கொஞ்சம் பிடியை விட்டிருந்தாலும் ஆளைக் கொண்டுவந்திருக்க முடியாது என்று டாக்டர் சொன்னார். கட்டிலில் கிடந்தபடி என் வீட்டுக்காரர் சந்தனக் கதையைத் தம்பியிடம் முழுக்கச் சொன்னார். தம்பி முகம் செத்துப் போயிற்று. எழுந்து வெளியே போனான். பின்னாலேயே நானும் போனேன்.

துப்பாக்கி அண்ணன் வராந்தா பெஞ்சில் காதில் பஞ்சோடு உட்கார்ந்திருந்தார். தம்பி அடிபட்ட காதுப் பக்கமாகப் போய், "அண்ணே" என்றான். கேட்கவில்லை. கிட்டப் போய்க் காலைத் தொடக் குனிந்தான். நிழல் பட்டுத் திரும்பியவர் அவனைப் பார்த்ததும், இரண்டு கையையும் சட்டென்று தூக்கித் தலையை மூடிக்கொண்டார்.

அவன் அடிக்க வரவில்லை என்று நான் சொன்னதுகூட அவருக்குக் கேட்கவில்லை. தம்பி தரையில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தான். அவர் கையை இறக்கவே இல்லை.