ராஜம்மாவுக்குக் கட்டிய பட்டு

மலேசியாவில், தங்காக் வட்டாரத்தில் எவன் செத்தாலும் கோட்டு போட்டுக்கொண்டுதான் சாகவேண்டும். அது காளிதாசின் சட்டம்.

காளிதாஸ் பஸ் நிலையத்துக்குப் பின்னால் போட்டோ கடை வைத்திருப்பவன். தமிழ்ப் பத்திரிகைக்கு மரண அறிவிப்புகளை வாங்கி அனுப்பும் ஏஜெண்டும் அவன்தான். ஆயுள் முழுக்க பனியனோடு லோரி ஓட்டியவனும் அவன் கைக்கு வந்துவிட்டால் நீலக் கோட்டு, சிவப்பு டையோடு பத்திரிகையில் சிரிப்பான். பெண்களுக்குப் பட்டு. தங்காக்கில் துணிக்கடைக்கா பஞ்சம்? கடை வாசல் பொம்மைகளைச் சேலையோடு படம் பிடித்துக் கம்ப்யூட்டரில் போட்டு வைத்திருந்தான். கழுத்துக்கு மேலே செத்தவர், கழுத்துக்குக் கீழே பொம்மை. ஒருநாள் மூன்று கிழவிகள் ஒரே மாம்பழக் கலர் பட்டில் ஒரே பக்கத்தில் வந்துவிட்டார்கள்.

"என்னங்க, கோஷ்டியா போயிட்டாங்களா?" என்றாள் மனைவி பிரேமலா.

யாரும் குறை சொன்னதில்லை. நம் ஆட்கள் பத்திரிகையைப் பின்னாலிருந்து புரட்டுகிறவர்கள். யார் செத்தது என்று பார்த்த பிறகுதான் யார் ஆள்வது என்று பார்ப்பார்கள். அந்தப் பக்கத்தில் அப்பா கோட்டோடு இருந்தால் பிள்ளைகளுக்கும் கௌரவம்தானே.

எதிர்வரிசை வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் மாவை வீசி ரொட்டி போடுபவன் முத்து. பர்மாத் தமிழன். அந்தக் காலத்தில் நம் ஆட்கள் மலாயாக் கப்பலில் ஏறினார்கள், இவனுடைய ஆட்கள் பர்மாக் கப்பலில் ஏறினார்கள். வித்தியாசம் அவ்வளவுதான். அவன் ஒரு காலையில் கையில் ஒட்டிய மாவைக்கூடக் கழுவாமல் வந்து நின்றான்.

"அண்ணே, அம்மா போயிட்டாங்க. பேப்பர்ல போடணும்."

"அடடா. சீக்கா இருந்தாங்களா தம்பி?"

"ஊர்ச் சந்தை மேல பட்டாளத்துக்காரங்க குண்டு போட்டுட்டாங்கண்ணே."

"அலமாக்!" என்று தலையில் கை வைத்தான் காளிதாஸ்.

காலையில் தேத்தண்ணி குடிக்கும்போது காளிதாஸ் அந்தச் செய்தியைப் பார்த்திருந்தான். டிவியில் பர்மா வரைபடம் காட்டினார்கள், அதில் ஒரு சிவப்புப் புள்ளி மினுக்கியது. ஆயுதக் குழுவின் முகாம் தகர்க்கப்பட்டதாம். கோட்டு போட்ட நிபுணர் ஒருவர் வந்து, இதனால் செம்பனை எண்ணெய் விலைக்கு ஒன்றும் ஆகாது என்று தைரியம் சொன்னார். அடுத்து பூப்பந்து ஆட்டம்.

முத்து கைப்பேசியில் படம் காட்டினான். ஒரு அம்மாள் சந்தையில் பீர்க்கங்காய்க் குவியலுக்குப் பின்னால் குந்தியிருந்தாள். கட்டம் போட்ட கைலி, கன்னத்தில் பர்மாக்காரர்கள் பூசும் மஞ்சள் நிற மரப்பட்டைக் குழம்பு. முன்பல் ஒன்றைக் காணோம், சிரிப்புக்கு மட்டும் குறைவில்லை.

"பேரு?"

"ராஜம்மா. குண்டு போட்டுக் கொன்னுட்டாங்கன்னு போடுங்கண்ணே. முகாம், முகாம்ங்கிறாங்க. எங்கம்மா பீர்க்கங்காய் வித்துக்கிட்டு இருந்தாங்க."

பத்திரிகையின் விளம்பரப் பிரிவில் இருக்கும் வாசுகியை அழைத்தான் காளிதாஸ்.

"அண்ணே, குண்டு கிண்டெல்லாம் விளம்பரத்துல போடமாட்டாங்க லா. அது செய்திப் பிரிவு."

"அப்ப செய்திப் பிரிவுகிட்ட சொல்லு."

வாசுகி கேட்டுவிட்டு வந்தாள். "வெளிநாட்டுச் செய்தி ஏஜென்சி முகாம்னுதான் அனுப்பியிருக்காம். உறுதியாகாம மாத்த முடியாதாம்."

"அவன் மட்டும் எட்டிப் பாத்துட்டா முகாம்னு எழுதினான்?"

"என்கிட்ட ஏன்ணே கத்துறீங்க? நான் சாவு மட்டும்தான் பாக்கறேன். 'காலமானார்'னு போடுங்க, டீசன்டா இருக்கும்."

கேட்ட சொல்லைத்தான் வாங்கித் தரமுடியவில்லை, படத்தையாவது ஜமாய்த்துவிடுவோம் என்று உட்கார்ந்தான் காளிதாஸ். கன்னத்து மஞ்சளைத் துடைத்தான். பல்லைக் கட்டினான். இதுவரை எந்தப் பிணத்துக்கும் கொடுக்காமல் வைத்திருந்த மயில்கழுத்துப் பட்டை எடுத்து உடுத்தி, கழுத்தில் காசுமாலையும் போட்டுவிட்டான். பீர்க்கங்காய் இருந்த இடத்தில் நீல வானம்.

மத்தியானக் கூட்டம் ஓய்ந்ததும் வந்த முத்து, திரையைக் குனிந்து பார்த்தான்.

"யாருண்ணே இது?"

"உங்கம்மாடா!"

"டிவிக்காரன் எங்கம்மாவ முகாமாக்கிட்டான். நீங்க செட்டியார் வீட்டு ஆச்சியாக்கிட்டீங்க. ரெண்டு பேருமா சேந்து பீர்க்கங்காயத் தூக்கிட்டீங்களேண்ணே." கைப்பேசியிலிருந்த படத்தைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்தான். "அங்க தங்கச்சி காட்டுல ஒளிஞ்சு கெடக்கு. அம்மா முகத்தக்கூடப் பாக்கல. இத அனுப்புனா யாரப் பாத்து அது அழும்?"

காளிதாசுக்குச் சுர்ரென்று ஏறியது. "பட்டு வேணாங்கிற மொத ஆளு நீதான்டா!"

உள்ளேயிருந்து பிரேமலா வந்தாள். "அவன் சொல்றது நெசந்தானே? எங்கப்பாவுக்கு நீங்க கோட்டு மாட்டிவிட்டீங்களே, பேப்பர்ல அவரத் தேடிக் கண்டுபிடிக்கறதுக்குள்ள எனக்குக் கண்ணு வலிச்சிடுச்சு."

இத்தனை வருஷமாய் இவள் இதை எங்கே வைத்திருந்தாள்? காளிதாஸ் திரும்பி உட்கார்ந்து, கட்டிய பல்லை அவனே பிடுங்கினான். பட்டை அவிழ்த்தான். குவியலை ஒரு காய் குறையாமல் திரும்ப வைத்தான். கீழே ஊர்ப் பெயர், தேதி போட்டு, 'சந்தையில் பீர்க்கங்காய் விற்றுக்கொண்டிருந்தபோது காலமானார்' என்று தட்டி அனுப்பினான்.

வாசுகி உடனே கூப்பிட்டாள். "அண்ணே, முகத்த மட்டும் வெட்டி அனுப்புங்க. காய்கறியெல்லாம் எதுக்கு?"

"காய் இல்லாம அந்தம்மா இல்ல. பெரிய கட்டமா போடு."

"குண்டு இல்லையே?"

"இல்லம்மா. பீர்க்கங்காய் மட்டும்தான்."

"சரி லா."

பத்திரிகை வந்த காலை, வாழையிலைக் கடையில் லோரிக்காரன் செல்லப்பன் வழக்கம்போல் பின்பக்கத்திலிருந்து ஆரம்பித்தான்.

"யாருப்பா இது, பட்டுகூடக் கட்டாம பல்லு போன அம்மா? என்னது, காய் வித்துக்கிட்டே செத்துட்டாங்களா?" ஊர்ப் பெயரை எழுத்துக் கூட்டி வாசித்தான். உலகச் செய்திப் பக்கத்துக்குப் புரட்டினான். திரும்பப் பின்னால் வந்தான். "டேய், முகாம்னு போட்டிருக்கானே, அதே ஊருடா! அதே தேதி!"

பக்கத்து மேசைக்காரர்கள் எழுந்து வந்து குனிந்தார்கள். கல்லாவில் இருந்தவர் டிவியின் சத்தத்தைக் குறைத்தார்.

முத்து அந்தப் பக்கத்தைப் படமெடுத்துத் தங்கச்சிக்கு அனுப்பிவிட்டு, கைப்பேசியை மாவுத் தட்டுக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு ரொட்டி வீசினான். மத்தியானம் ஆகும்போது குரல்பதிவு ஒன்று வந்தது. இரைச்சலுக்கு நடுவே ஒரு பெண் அழுதாள். "அம்மா" என்பதைத் தவிர வேறொன்றும் விளங்கவில்லை. முத்து அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டான்.

எதிர் மேசையில் உட்கார்ந்திருந்த காளிதாஸ் தேத்தண்ணிக் கிளாசைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டான்.

"டேய், ரொட்டி கருகுதுடா" என்றான்.