வேலை இல்லை என்று சொன்ன கடை

2025 ஜூன் 17, செவ்வாய்க்கிழமை, காலை மணி 10.50. முதல் நாள் பெய்த மழையெல்லாம் புழுக்கமாகக் கிளம்பி, சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது. மேற்குத் தாம்பரத்தில் குளியலறைக் குழாய்கள் விற்கும் ஒரு கடைக்கு, கணக்கு எழுதும் வேலைக்கான இன்டர்வியூவுக்குப் போயிருந்தேன். எனக்கு வயது அறுபத்து நான்கு.

தனியார் கம்பெனியில் முப்பத்தாறு வருடம் கணக்கு எழுதியவன். பென்ஷன் கிடையாது. மாதம் பிறந்தால் மகன் பணம் அனுப்புவான், அனுப்பியதும் போன் செய்து, "வந்துடுச்சாப்பா?" என்பான். நல்ல பிள்ளைதான். ஆனால் அந்தக் கேள்விக்கு "வந்துடுச்சு" என்று மட்டும் சொல்லிவிட்டு, அவசரமாகப் போனை மனைவியிடம் கொடுத்துவிடுவேன். எப்படியாவது ஒரு வேலை தேடிக்கொள்வது என்று உறுதியாக இருந்தேன்.

அதற்குள் மூன்று இடம் பார்த்தாகிவிட்டது. ஒன்றில் வயதைக் கேட்டதும் போனை வைத்துவிட்டார்கள். பொத்தேரிப் பக்கம் ஓர் அலுவலகத்தில் நான்கு மணி நேரம் உட்காரவைத்துவிட்டு, "சார் கிளம்பிட்டாரே" என்றார்கள். மூன்றாவது இடத்தில் சிரித்துப் பேசி, சொல்லி அனுப்புவதாகச் சொன்னார்கள், இன்றுவரை சொல்லவில்லை. ஏன் வேண்டாம் என்று யாரும் காரணம் சொல்லாததால், வயதா, சட்டையா, பேச்சா என்று நானே காரணங்களை எண்ணி மாய்ந்துபோனேன்.

குழாய்க் கடை முதலாளி ஒரு பாய். நாற்பது வயது இருக்கும். சொன்னபடி பதினொன்றுக்குக் கூப்பிட்டார். ஃபேனை என் பக்கம் திருப்பிவிட்டு, முந்தின நாள் பில்கள் நாற்பதைக் கொடுத்துக் கம்ப்யூட்டரில் ஏற்றச் சொன்னார். மொத்தத்தை மனக்கணக்காகவே சொல்லிவிட்டேன். ஏற்றுவதுதான் நடக்கவில்லை. ஒரு மணி நேரத்தில் ஒன்பது பில்.

பாய் நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தார்.

"சார், கோச்சுக்காதீங்க. இந்த வேலைய உங்களுக்குத் தர முடியாது."

"வயசா பாய்?"

"வயசு இல்ல சார். கணக்குல நீங்க புலி. சாஃப்ட்வேர் வரல. மாசா மாசம் ஜி.எஸ்.டி. ஃபைல் பண்ணணும், கத்துக்குடுக்க என்கிட்ட ஆள் இல்ல."

"ஒரு மாசம் டைம் குடுங்க."

"குடுத்துட்டு, அப்புறம் போங்கன்னு சொன்னா இதைவிடக் கஷ்டம் சார்."

டிராயரைத் திறந்து நூற்றைம்பது ரூபாயை நீட்டினார். எனக்குச் சுருக்கென்றது. "எதுக்கு, தர்மமா?" என்றேன்.

"ஒம்போதும் என் கடை பில்லு சார். வேலை செஞ்சீங்க, கூலி. வாங்காம போனா எனக்குத்தான் பேஜாரு."

வாங்கிக்கொண்டேன்.

"முப்பத்தாறு வருஷ சர்வீஸு, ஒம்போதே ஒம்போது பில்லா!" என்று வீட்டில் விஷயத்தைக் கேட்டு மனைவி சிரித்தாள். கோபம் வந்தது. ஆனால் அன்றைக்கு எண்ணிக்கொண்டு கிடக்கக் காரணங்கள் இல்லை. இருந்த ஒரே காரணத்துக்கு மருந்து இருந்தது. மறுநாளே கம்ப்யூட்டர் வகுப்பில் சேர்ந்தேன். கூடப் படித்தவர்கள் எல்லாரும் என் மகனைவிடச் சின்னவர்கள். "அங்கிள், மவுச இவ்ளோ அமுக்காதீங்க, செத்துடும்" என்று கிண்டல் செய்தார்கள். நானும் விடவில்லை. செப்டம்பரில் பெருங்களத்தூரில் ஒரு மருந்துக் கடையில் வேலை கிடைத்தது. முதல் சம்பளம் வந்த அன்று மகனுக்கு நானே போன் செய்து, இனி அனுப்ப வேண்டாம் என்றேன்.

பொங்கலுக்கு முன்னால் வீட்டுக் குளியலறையை மாற்ற வேண்டியிருந்தது. பாய் கடையில் விலை கேட்டு வந்தேன்.

"அப்பா, அதே அயிட்டம் ஆன்லைன்ல கம்மிப்பா. உங்கள வேணாம்னு அனுப்புன கடைக்கா போறீங்க?" என்றான் மகன் போனில்.

"அனுப்புன விதத்துக்காகப் போறேன்டா" என்றேன்.

எங்கும் பேரம் பேசாமல் நகராத நான், அங்கே வாய் திறக்காமல் பணத்தைக் கொடுத்தேன். ஒரு மனிதனிடம் முகத்தைப் பார்த்துக் காரணத்தோடு 'இல்லை' என்று சொல்வது எவ்வளவு பெரிய மரியாதை என்பது அந்த வயதில்தான் எனக்குப் புரிந்தது. அதற்காக, ஆன்லைன் விலைக்கு மேல் நான் கூடுதலாகக் கொடுத்தது இரண்டாயிரத்து முந்நூற்று நாற்பது ரூபாய்.