சிங்கம் முழுதாகத் திறந்தது

திருப்பூர் நல்லூரில் மயில்சாமியின் பிரிண்டிங் யூனிட்டில், கம்ப்யூட்டர் அறைக்குள் செருப்போடு நுழைவது கொலைக்குற்றம். அந்த அறையில் உட்கார்ந்து டீ-சர்ட் படங்களை அச்சு ஃபிலிமுக்காகக் கலர் கலராகப் பிரிக்கும் வேலை நாகஜோதிக்குக் கிடைத்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அருப்புக்கோட்டைப் பக்கமிருந்து பிழைக்க வந்து, செக்கிங் டேபிளில் நாள் முழுக்க நின்று பிசிறு நூல் வெட்டியே கால் வீங்கினவள் அவள். உட்கார்ந்து பார்க்கும் வேலை அவளுக்குச் சொர்க்கம்.

சொர்க்கத்துக்கும் சோதனை வந்தது. வெளிநாட்டுக்காரன் சிடியில் அனுப்பிய சிங்கத்தலைப் படம், திரையில் பிடரி வரைக்கும் திறக்கும். அதோடு கம்ப்யூட்டர் கல்லாய்ச் சமைந்துவிடும்.

"சாயங்காலத்துக்குள்ள ஃபிலிம் போகோணும் கண்ணு. இல்லீன்னா ஆர்டர் கைவுட்டுப் போயிரும். நீயும் பழையபடி டேபிளுக்கே போக வேண்டியதுதான்" என்றார் மயில்சாமி. மனிதர் கத்தவில்லை. அதுதான் அவளுக்குக் கிலியைக் கொடுத்தது.

கம்ப்யூட்டர் கடை சுரேஷுக்குப் போன் போட்டாள்.

"ரேம் பத்தலீங்க, கம்ப்யூட்டரோட ஞாபகத் தகடுங்க அது. பக்கத்துல இன்னொன்னு போட்டா தெறந்துருமுங்க."

அவன் கடைக்கு ஓடிப்போய் ஒன்று வாங்கி வந்தாள். ஒயரைப் பிடுங்கிவிட்டுப் பெட்டியைத் திறந்தால், உள்ளே ஒரு தலையணைக்குக் காணும் பஞ்சு. அதையெல்லாம் எடுத்துப்போட்டு ரேமைச் செருகினாள். உட்காரவில்லை. பழையதன் அடியில் இரண்டு வெட்டு, புதியதில் ஒன்றுதான். இழுத்துப் பிடித்தால் வழிக்கு வர அதென்ன எலாஸ்டிக்கா?

தலையில் அடித்துக்கொண்டாள். ஒரு பட்டன் வாங்கக்கூடச் சாம்பிள் இல்லாமல் திருப்பூரில் எவளும் கடை ஏறமாட்டாள். இவள் வெறுங்கையை வீசிக்கொண்டு போயிருக்கிறாள்! பழைய ரேமைக் கழற்றி, பனியன் துணியில் சுற்றிக்கொண்டு மறுபடி ஓடினாள்.

"இதை மொதல்லயே காட்டியிருக்கலாமில்லீங்க? இது பழைய ரகமுங்க" என்று சுரேஷ் அதே ரகத்தில் இன்னொன்றைத் தேடிப் பிடித்து, புதியதற்கு மாற்றாகக் கொடுத்தான்.

இந்த முறை அழுத்தியதும் இரண்டு பக்கக் கொக்கியும் டக்கென்று கவ்விக்கொண்டன. ஸ்விட்சைப் போட்டாள். கறுப்புத் திரையில் எண்கள் ஓடின. வழக்கமாக நிற்கும் இடத்தில் நிற்காமல் மேலே மேலே ஓடின. அவளுக்கு மெய் சிலிர்த்தது. ஒரு சக்கரம் சுற்றவில்லை, ஓர் ஊசி அசையவில்லை. கையகலப் பச்சைத் தகட்டுக்குள் இத்தனை ஞாபகம் எங்கே உட்கார்ந்திருக்கிறது, முருகா!

சிங்கம் பிடரியைத் தாண்டியது. கண் வந்தது, மூக்கு வந்தது, கடைசி மீசைமயிர் வரை வந்தது. மயில்சாமி கதவோரமே நின்று வாயைப் பிளந்தார்.

"அட சாமி! அந்தத் துண்டுத் தகடா இத்தனையும் பண்ணுச்சு?"

நெடுநேரம் பார்த்துவிட்டு, செக்கிங்கைக் கவனிக்கும் மருதாளைக் கூப்பிட்டார்.

"மருதாளு, நாகஜோதி நின்ன எடத்துக்கு வேற ஆளப் போட்டுக்குங்க. புள்ள இனி இங்கதான்."