கொட்டிலில் மூன்று விரதகாரர்

எங்கள் கொட்டிலில் எலிகள் எவற்றையெல்லாம் கடித்தன என்று நான் பட்டியல் எழுதியபோது எனக்குப் பத்து வயது. விதைக்கு வைத்த நிலக்கடலை, எங்கள் பேச்சில் கச்சான், சாக்கு நான்கு. மாட்டுப் புண்ணாக்குப் பை ஒன்று. தண்ணீர்க் குழாயில் இரண்டு இடம். மருந்து அடிக்கும் தாங்கியின் தோள்வார். அப்பாவின் செருப்பு, வலது கால் மட்டும். அப்பா அதை வாசித்துவிட்டு, "என்ரை காதை மட்டும் விட்டு வைச்சிருக்குதுகள்" என்று சொல்லிக் கொப்பியைத் திருப்பித் தந்தார்.

பகிடியாகச் சொன்னாலும் அவருக்கு அது பகிடி இல்லை. விதை எலிக்குப் போனால் புத்தூர்த் தோட்டத்தில் அடுத்த போகம் கச்சான் இல்லை. ஆகவே நஞ்சு வைக்கப்போவதாகச் சொன்னார். முந்திய வருடமும் வைத்தார். அதைத் தின்ற எலியை எங்கள் நாய் தின்றது. அது கிணற்றடியில் கிடந்து உயிர்விடும்வரை நான் பக்கத்தில் இருந்தேன். இந்த முறை அந்த நஞ்சு எங்கள் வளவுக்குள் வரக்கூடாது என்று நான் தீர்மானித்திருந்தேன். கன்றுக்குட்டி, கோழிகள், பக்கத்து வீட்டு நாய் என்று காரணங்களை இலக்கமிட்டு எழுதி, கீழே "பூனை வேண்டும்" என்று அடிக்கோடு கீறி, சாவகச்சேரியில் சிறிய அரிசி ஆலை வைத்திருந்த மாமாவிடம் கொடுத்தேன். அவருடைய ஆலையில் எலியைவிடப் பூனைகள் பெருகியிருந்தன.

அடுத்த ஞாயிறே மாமா வந்தார். மோட்டார் சைக்கிளின் பின்னால் கட்டியிருந்த சாக்கு கத்திக்கொண்டிருந்தது. வந்த வழி மறந்துபோக வேண்டும் என்று சாக்கைக் கிணற்றடியில் மூன்று முறை சுற்றிவிட்டு அவிழ்த்தார். முக்கால்வாசி வளர்ந்த பூனைகள் மூன்று, கறுப்பு ஒன்று, சாம்பல் ஒன்று, வரி போட்டது ஒன்று, தலைசுற்றி ஆளுக்கொரு பக்கமாக நடந்தன.

அம்மா குசினி வாசலில் நின்றபடியே சொன்னார்: "இன்னும் மூண்டு நாளிலை நல்லூர்க் கோயில் கொடியேத்தம். நான் மச்சச் சட்டியைக் கழுவிக் கவிட்டிட்டன். இருபத்தைஞ்சு நாளும் இந்த வளவுக்கை ஒரு உயிர் துடிக்கக்கூடாது. ஒரு எலிவால் என்ரை கண்ணிலை பட்டுதோ, மூண்டும் வந்த சாக்குக்கையே திரும்பிப் போகும்."

அப்பாவும் விடவில்லை. "திருவிழா முடியேக்கையும் கொட்டிலுக்கை எலி ஓடினால் நான் நஞ்சு வைப்பன்."

"அக்கா, பூனைக்கு விரதம் தெரியுமே?" என்றார் மாமா.

"தெரியாட்டிப் பழக்கட்டும். கேட்டவவும் கொண்டுவந்தவரும்."

மாமா தேத்தண்ணீர் குடித்துவிட்டுப் போய்விட்டார். பழக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. அம்மாவின் நிபந்தனைப்படி எலி சாகக்கூடாது. அப்பாவின் நிபந்தனைப்படி எலி இருக்கக்கூடாது. இரண்டையும் பக்கம் பக்கமாக எழுதிப் பார்த்தும் வழி தெரியவில்லை. அப்பாவிடமே கேட்டேன்.

"பூனை மணத்துக்கே எலி ஓடிடும், பிள்ளை" என்றார். மண்வெட்டியின் பிடியைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னார்.

அது எனக்குப் போதுமாக இருந்தது. பூனைகள் மணந்துகொண்டிருந்தால் சரி, மீதியை நான் பார்த்துக்கொள்வேன். கொடியேறிய அன்று முதல் மூன்றுக்கும் மரக்கறிச் சாப்பாடு. காலையில் தயிர்ச்சோறு, மத்தியானம் பருப்பும் சோறும், வெள்ளிக்கிழமைகளில் ஒரு துளி நெய். கொப்பியில் நாள், வைத்தது, மிஞ்சியது என்று நிரல்கள் போட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் வெங்காயம் நிறுக்கும் தராசில் ஒவ்வொன்றையும் சாக்கோடு தொங்கவிட்டு நிறுத்து, சாக்கின் நிறையைக் கழித்து எழுதினேன்.

முதல் நாள் பாதி மிஞ்சியது. ஒரு கிழமைக்குப் பிறகு முக்கால்வாசி மிஞ்சியது. அதன்பின் தயிரை மட்டும் நக்கிவிட்டுச் சோற்றை அப்படியே விட்டன. அம்மாவைப் போல அவையும் ஒருபொழுது இருக்கத் தொடங்கிவிட்டன என்று முடிவுசெய்தேன். நிறை மட்டும் ஏறிக்கொண்டிருந்தது. விரதம் இருந்தால் உடம்பு தேறும் என்று அம்மா சொல்வது சரிதான் என்று அதையும் எழுதிக்கொண்டேன்.

இதற்கிடையில் தோட்டத்தின் நடை மாறியிருந்தது. விடிய அப்பா இறைப்புக்குப் போகும்போது மூன்றும் வரம்பில் வரிசையாகப் பின்னால் போயின. தண்ணீர் வாய்க்காலில் நுரைத்துக்கொண்டு வரும்போது சாம்பல் பூனை அந்த நுரையைக் கையால் அடித்து அடித்துக் கூடவே ஓடும். கறுப்பி மாட்டின் முதுகில் ஏறிப் படுத்துக்கொள்ளும். கறக்கும்போது உதைக்கிற மாடு, அது மேலே படுத்திருந்தால் அசையாமல் நின்றது. ஒரு சொல்லும் பேசாமல் பாத்தி கட்டுகிற அப்பா கதைக்கத் தொடங்கினார்.

"நீ வேலைக்கு வந்தனியோ, கூத்தடிக்க வந்தனியோ? தள்ளடா, பாத்தி உடையப்போகுது."

அம்மா குசினியில் இருந்து எட்டிப் பார்த்து, "ஆரோடை கதைக்கிறியள்?" என்பார்.

"வேலைக்காரரோடை."

எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்த மூன்றாவது கிழமையில், ஒரு காலை, அம்மா தலை தோய்ந்துவிட்டுச் சாமிக்குப் பூப் பறித்துக்கொண்டு நின்றார். கொட்டிலில் இருந்து கறுப்பி வெளியே வந்தது. தலையை உயர்த்தி, நேராக அம்மாவை நோக்கி நடந்தது. அதன் வாயின் ஒரு பக்கத்தில் நீளமாக ஒரு வால் தொங்கியது.

சாக்கும் நஞ்சும் நாயும் ஒன்றாக என் கண்ணுக்குள் வந்தன. அப்பா ஓடிவந்து கையில் இருந்த பனையோலைக் கடகத்தை அப்படியே பூனையின் மேல் கவிழ்த்தார். கடகம் இரண்டு முழம் தானாக நகர்ந்து நின்றது.

"என்ன அது?" என்றார் அம்மா.

"ஒண்டுமில்லை. கடகம்."

அம்மா கடகத்தைப் பார்த்தார். அப்பாவைப் பார்த்தார். பிறகு செவ்வரத்தைச் செடிப் பக்கம் திரும்பிக்கொண்டு, "கடகத்தைக் கழுவிப்போட்டு வையுங்கோ" என்றார்.

அம்மா உள்ளே போனதும் நான் அழத் தொடங்கினேன். "அது கொன்று போட்டுது அப்பா, எல்லாம் முடிஞ்சுது."

அப்பா குந்தி இருந்து என் காதுக்குள் சொன்னார். "ஆர் சொன்னது கொன்றதெண்டு? எலி வயசு போய்த் தானாச் செத்தது. உது அதைத் தூக்கிக்கொண்டுபோய் வெளியிலை போடப் பாக்குது. துப்புரவு."

கண்ணைத் துடைத்துக்கொண்டு போய், அன்றைய தேதிக்கு எதிரே "துப்புரவு" என்று எழுதினேன். அடுத்த நாளில் இருந்து அப்பா எனக்கும் அம்மாவுக்கும் முன்னரே எழும்பி மண்வெட்டியோடு கொட்டில் பக்கம் போனார். ஒவ்வொரு நாளும் வைக்கோல் எடுக்கப் போகும் அம்மா, திருவிழா முடியும்வரை அந்தப் பக்கமே போகவில்லை. எனக்கு அவை இரண்டும் எழுதும்படியான விசயமாகத் தோன்றவில்லை.

திருவிழா முடிந்த பிறகு வந்த முதல் ஞாயிறு மாமா பாரைமீன் கொண்டுவந்தார். மச்சச் சட்டி இறங்கியது. அப்பா எல்லாருக்கும் முன்னால் கச்சான் சாக்குகளைத் தூக்கித் தட்டிக் காட்டினார். புதிய ஓட்டை ஒன்றும் இல்லை. மாமா ஒரு மீன்தலையைக் கொட்டில் வாசலில் வைத்து மூன்றையும் கூப்பிட்டார். வரியன் வந்து மணந்து பார்த்தது. மற்ற இரண்டும் எழும்பவே இல்லை. பிறகு வரியனும் மீன்தலைக்குப் பக்கத்திலேயே வயிற்றைப் பரப்பிக்கொண்டு படுத்துவிட்டது.

"மாமா, அதுகளைக் குழப்பாதேங்கோ" என்றேன். "மூண்டும் சைவமாயிட்டுது." கொப்பியை விரித்து இருபத்தைந்து நாள்களையும் வாசித்துக் காட்டினேன். எதை வைத்தது, எவ்வளவு மிஞ்சியது, எவ்வளவு நிறை கூடியது, எல்லாம். மாமா வேலிக் கதியாலைப் பிடித்துக்கொண்டு இருமினார். அப்பாவுக்குத் திடீரென்று கை கழுவவேண்டி வந்தது.

அம்மா மட்டும் சிரிக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில், "உதுகள் இருக்கட்டும்" என்றார். "இந்த வீட்டிலை பொய் சொல்லாமல் விரதம் பிடிச்சது உதுகள் மூண்டும்தான்."

அப்பா கிணற்றடியில் இருந்து திரும்பியே பார்க்கவில்லை. நான் அந்த வசனத்தைத் தீர்ப்பாக எழுதி, கீழே இரட்டைக் கோடு கீறினேன். பிறகு ஒரு மாதத்துக்கு நாங்கள் எல்லாரும் மீன் தின்ற வீட்டில் பூனைகளுக்கு மட்டும் தயிர்ச்சோறு வைத்தேன். அவை ஒவ்வொரு காலையும் வந்து, என் முகத்தைப் பார்த்து, இரண்டு முறை நக்கிவிட்டு வேலைக்குப் போயின. மிஞ்சியது என்ற நிரலில் நான் எழுதினேன்: பசி குறைவு.